பத்தாயிரம் ரூபாய் ரூட்டர் மாடி அறைக்கு ஏன் எட்டவில்லை? கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு தோட்டத்து வீட்டின் நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் ஒரு வீட்டில் 2025 ஆடி மாதம் பார்த்த வேலையைப் பற்றியது இந்த ஆய்வு. அந்த வீட்டார் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வைஃபை 7 ரூட்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார்கள். எந்த அறைக்காக வாங்கினார்களோ அந்த அறையில் மட்டும் எதுவும் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். வீடுகளுக்கும் சிறிய கடைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் இதே கதையை வெவ்வேறு வீடுகளில் பார்க்கிறேன் என்பதால், இந்த ஒரு வீட்டை முழுதாக எழுதி வைப்பது மற்றவர்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும் என்று நினைக்கிறேன். வீட்டாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன், பெயர்கள் இல்லாமல்.

வீடும் பிரச்சினையும்

வீடு இரண்டு பகுதி. முன்பக்கம், பெரியவர் இளவயதில் கட்டிய ஓட்டு வீடு. ஒன்றரை அடி கனத்தில் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய சுவர். அதை ஒட்டிப் பின்பக்கம் பிற்பாடு எழுப்பிய கான்கிரீட் வீடு, மேலே ஒரு மாடி. கேபிள்காரர் ரோட்டிலிருந்து ஃபைபரை இழுத்து வந்து, வந்த வழியில் முதலில் கிடைத்த இடமான முன்கூடத்து டிவி அலமாரியில் மோடத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். இங்கே பெரும்பாலான வீடுகளில் மோடத்தின் இடத்தை இப்படித்தான் ஃபைபர் முடிவுசெய்கிறது. ஆட்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வேலை செய்கிறவர் அந்த வீட்டு மருமகள். கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. அவருடைய அறை மாடியில், வீட்டின் கடைசி மூலையில். முன்கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே பழைய வீட்டின் இரண்டு சுவர்களும் ஒரு கான்கிரீட் தளமும் இருக்கின்றன. காலையில் மீட்டிங் நன்றாகத் தொடங்கும், நடுவில் படம் உறையும், குரல் வெட்டும்.

"பேசிட்டிருக்கும்போதே எதிர்ல இருக்கறவங்க மொகம் அப்படியே நின்னு போயிருதுங்ணா. ஸ்பீடு டெஸ்ட் போட்டா சில நேரம் நல்லாத்தான் காட்டுது" என்றார். இந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வேகம் நன்றாகக் காட்டும்போதும் பேச்சு உடைகிறது என்றால், அளவை விட ஒழுங்கில்தான் குறை இருக்க வேண்டும்.

எல்லைப்பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் இந்த வீட்டில் சேர்ந்துகொண்டது. போன் கேரள டவரையும் தமிழ்நாட்டு டவரையும் மாறி மாறிப் பிடிக்கும். கனமான சுவருக்குள்ளே இரண்டுமே சரியாகக் கிடைக்காது. அதனால் வீட்டில் எல்லோருமே வைஃபை வழியாகப் பேசும் வசதியைப் போனில் போட்டு வைத்திருக்கிறார்கள். 2019 கடைசியில் இந்தியாவில் அந்த வசதி வந்தபோது எல்லைக் கிராமங்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் அதன் விளைவாக, வைஃபை தடுமாறினால் சாதாரணப் போன் பேச்சும் தடுமாறும். பெரியவருக்கு ரத்த அழுத்த மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசவேண்டிய அழைப்பே ஒருமுறை பாதியில் அறுந்திருக்கிறது. இந்த வீட்டுக்கு வைஃபை என்பது படம் பார்ப்பதற்கான வசதி மட்டும் இல்லை.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நேராகவே கேட்டார்: "ஏனுங் தம்பி, ஆறு கொம்பு வெச்ச பெட்டி வாங்கியாச்சு. அப்பறமும் மாடிக்கு ஏன் எட்ட மாட்டேங்குது?"

கொம்புகளும் பெட்டி மேல் போட்ட எண்ணும்

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன். ரூட்டர் எவ்வளவு சக்தியோடு அலையை அனுப்பலாம் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. ஆன்டெனா இரண்டோ ஆறோ, பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியும் இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியும் அந்த வரம்புக்குள்தான் வேலை செய்ய வேண்டும். கூடுதல் ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் பல ஓடைகளாகத் தரவை அனுப்பவும், அலையை ஒரு திசையில் ஓரளவு குவிக்கவும் உதவும். சுவரைத் துளைக்கும் பலத்தை அவை பெரிதாகக் கூட்டிவிடாது. அதைவிட முக்கியம், பேச்சு இருவழி. ரூட்டர் கத்தினாலும் போன் பதில் சொல்ல வேண்டுமே. போனின் அனுப்பும் சக்தி ரூட்டரை விடக் குறைவு. போனின் பதில் திரும்பி வந்து சேராத இடத்தில் ரூட்டரின் விலைக்கு மதிப்பில்லை.

பெட்டி மேல் 3600 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அது ஒரு கூட்டுத்தொகை. அந்தப் பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசும்: தூரம் எட்டும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 688 மெகாபிட், வேகம் கூடிய ஆனால் சுவரில் சீக்கிரம் மெலியும் 5 ஜிகாஹெர்ட்ஸில் 2882 மெகாபிட், இரண்டையும் சேர்த்து மேல்நோக்கி முழுதாக்கியது. ஒரு லேப்டாப் எந்த நேரத்திலும் இந்த மொத்தத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்த 2882-ம் ரூட்டருக்கு அருகிலேயே, 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், அதைத் தாங்கும் கருவியோடு பேசும்போது மட்டும் கிடைக்கும் கணக்கு வேகம். வீட்டின் இணைய பிளானோ 150 மெகாபிட்.

சேனல் என்பது அலைவரிசைக்குள் பேச ஒதுக்கிய ஒரு பாதை. அகலச் சேனலுக்கு ஒரு விலை இருக்கிறது. கடைகளில் இதைச் சொல்வதில்லை. சேனலின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் கருவி உள்வாங்கும் இரைச்சலும் இரட்டிப்பாகும். இரைச்சலோடு ஒப்பிட்டால் அலையின் பலம் பாதியாகும், அதாவது 3 டெசிபெல் போய்விடும். 40-லிருந்து 160-க்குப் போனால் 6 டெசிபெல். கூடத்தில் அது தெரியாது. சுவர் தாண்டிய அறையில், ஏற்கெனவே மெலிந்து வரும் அலைக்கு அந்த 6 டெசிபெல் பெரிய இழப்பு. இப்படித்தான் 4096-குவாம் என்ற புதிய பண்பேற்றமும், அதாவது தரவை அலையில் ஏற்றும் முறையும். வைஃபை 6-இல் ஒரு குறியீட்டில் 10 பிட் ஏற்றினார்கள், வைஃபை 7-இல் 12 பிட், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் அவ்வளவு நெருக்கமாக அடுக்கிய குறிகளைப் பிரித்துப் படிக்க அலை மிகத் தெளிவாக இருக்க வேண்டும். அது அதே அறையில்தான் நடக்கும். மாடி அறைக்கு இந்த முன்னேற்றம் போய்ச் சேரவே இல்லை.

சோதனையில் தெரிந்தவை

முதலில் மோடத்திலேயே லேன் கேபிளைச் சொருகி லேப்டாப்பில் அளந்தேன். பிளானில் சொன்ன வேகம் முழுதாக வந்தது. ஆக, கேபிள்காரரின் லைனில் குறை இல்லை. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்து வரும்போது தென்னை மட்டை விழுந்து ஃபைபர் அறுவது இங்கே வழக்கம் என்பதால், வீட்டார் முதலில் சந்தேகப்பட்டது லைனைத்தான். லைன் அறுந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும், இணையம் அடியோடு போகும். பாதி வேலை செய்து பாதி உடைவது பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் நோய்.

அடுத்து, புது ரூட்டரில் சொருகிப் பார்த்தபோது 94-ஐத் தாண்டவில்லை. மோடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவே போட்டிருந்த கேபிள்தான் காரணம். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி உடைந்தாலும் கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. அந்தக் கேபிள் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி. மடித்து அலமாரிக்குப் பின்னால் திணித்ததில் உள்ளே ஒடிந்திருந்தது. நல்ல செம்புக் கம்பி கேபிள் ஒன்றை மாற்றியதும் 150 வந்தது. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியை ஐம்பது ரூபாய்க் கேபிள் கட்டிப் போட்டிருந்தது என்பதை வீட்டாரிடம் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு போனேன். மாடிப் பிரச்சினை அதனால் தீரவில்லை, ஆனால் அளவீடுகளை நம்பலாம் என்ற நிலை வந்தது.

மோடத்திலும் வைஃபை ஓடிக்கொண்டிருந்தது, அருகிலேயே புது ரூட்டரிலும் ஓடியது. இரண்டும் 2.4-இல் ஒரே சேனல். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அதில் இரண்டு பெட்டிகளும் 6-இல் உட்கார்ந்து மோதிக்கொண்டிருந்தன. மோடத்தின் வைஃபையை அணைத்தேன்.

உண்மையான சிக்கல் கட்டுத்தறியில் இருந்தது. மாடு கட்டும் இடத்தில் திருட்டுப் பயத்துக்காக ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து தோப்பு தாண்டி, வைஃபை எட்டும் எல்லையின் கடைசி விளிம்பில். அது 2.4-இல் மட்டும் வேலை செய்யும் பழைய வகைக் கேமரா. மாடி லேப்டாப்பும் 5 ஜிகாஹெர்ட்ஸ் எட்டாததால் 2.4-க்கு இறங்கிவிட்டது. இரண்டும் ஒரே அலைவரிசையில்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கிராம சபையில் ஒரே ஒரு மைக் இருப்பதைப் போல. பக்கத்தில் இருப்பவர் இரண்டு வார்த்தையில் சொல்லி மைக்கைத் தந்துவிடுவார். தூரத்தில் தெளிவில்லாமல் பேசுகிறவர் அதே செய்தியைச் சொல்ல நீண்ட நேரம் எடுத்துக்கொள்வார், புரியாவிட்டால் திரும்பவும் சொல்வார். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் கேமரா அலை மெலிந்ததால் 6.5 மெகாபிட் என்ற மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் படம் 2 மெகாபிட் அளவு. வகுத்துப் பாருங்கள்: திரும்ப அனுப்புவதையெல்லாம் சேர்க்காமலே 2.4 அலைவரிசையின் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஒரு கேமரா தின்கிறது. காற்றில் மட்டை ஆடி, ஈரம் ஏறி, அலை இன்னும் மெலிந்தால் பங்கு இன்னும் கூடும். மீட்டிங்கில் குரல் வெட்டியது அந்த நேரங்களில்தான். கேமராவின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மாடியில் அழைப்பு வைத்துப் பார்த்தோம். வெட்டு நின்றது. திரும்பச் சொருகினோம், வெட்டு வந்தது.

வைஃபை 6-லும் 7-லும் இந்த நெரிசலுக்கே ஒரு மருந்து இருக்கிறது. ஓஎஃப்டிஎம்ஏ என்ற முறையில் ஒரு சேனலைச் சிறு சிறு துண்டுகளாக்கி, 20 மெகாஹெர்ட்ஸிலேயே ஒன்பது கருவிகள் வரை ஒரே நேரத்தில் பேச வைக்கலாம். ஆனால் கருவியும் அந்த மொழியைப் பேச வேண்டும். 2009-இல் வந்த தரத்தில் நிற்கும் கேமராவுக்கு அது தெரியாது. ரூட்டர் புதிதானாலும் கேமரா பழையபடி முழுச் சேனலையும் பிடித்துக்கொண்டுதான் பேசும். புது ரூட்டர் வாங்கும் யாரும் தம் வீட்டுக் கருவிகளின் வயதை எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த ஆய்வில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், அது இதுவாக இருக்கட்டும் என்பேன்.

என்ன மாற்றினோம்

வீட்டார் முதலில் மெஷ் பெட்டிகள், அதாவது வீட்டில் ஆங்காங்கே வைத்து ஒரே வைஃபையாக ஓடும் பெட்டிகள், வாங்கலாமா என்று கேட்டார்கள். வாங்கலாம், ஆனால் இரண்டே அலைவரிசை உள்ள மெஷ் பெட்டிகள் கம்பி இல்லாமல் தங்களுக்குள் பேசினால், போன்களோடு பேசும் அதே அலையையே பங்கு போடும். ஒரு தாவலுக்கு வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ஒன்றரை அடிச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெட்டிகளை வைத்து அவற்றைக் காற்றில் பேசச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கம்பி இழுக்க வழி இருந்தது. கான்கிரீட் வீட்டில் ஓயரிங்குக்காகப் போட்ட பைப்களில் டிவிக்கென்று விட்டிருந்த ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் லேன் கேபிளை விட்டு மாடி வராந்தாவுக்குக் கொண்டு போனோம். கரன்ட் ஓயர் போகும் பைப்பில் லேன் கேபிளை விடக் கூடாது என்பதால் காலிப் பைப் கிடைத்தது அதிர்ஷ்டம்.

வைஃபை 7 ரூட்டரை மாடி வராந்தாவின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டினோம். மாடி அறைகளும் கீழே சமையலறையும் அதற்குள் அடங்கின. ஓட்டு வீட்டுப் பகுதிக்கு மூவாயிரம் ரூபாயைச் சுற்றி விலையுள்ள ஒரு வைஃபை 6 பெட்டியை வெறும் அக்சஸ் பாயிண்டாக, அதாவது கம்பி வழியாக வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாகப் போட்டோம். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், 2.4-இல் வெவ்வேறு சேனல். மாடியில் 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனலை 160-இலிருந்து 80-க்குக் குறைத்தேன். வேகம் 150 பிளானுக்கு அப்போதும் பல மடங்கு மிச்சம், சுவர் தாண்டிய அறைகளில் நிலைத்தன்மை கூடியது.

கட்டுத்தறிக்கு என்ன செய்வது என்பதில்தான் நேரம் எடுத்துக்கொண்டோம். அங்கே வரை செம்புக் கேபிள் இழுப்பது மலிவு. ஆனால் துலா மழை இடியோடு வரும் நாடு இது. ஐப்பசியிலும், கோடையில் சித்திரை, வைகாசியிலும் இடி விழும்போது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்த வெளியில் ஓடும் நீளமான செம்புக் கம்பியில் மின்னலின் தூண்டு மின்சாரம் ஏறி, இரு முனையிலும் உள்ள கருவிகளைச் சுட்டுவிடும். இந்தப் பக்கத்தில் எரிந்துபோன மோடங்களில் பல, லேன் போர்ட் வழியாக எரிந்தவை. அதனால் கட்டுத்தறிக்கு ஃபைபரே இழுத்தோம், இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஃபைபரைத் தாங்கிப் போகும் எஃகுக் கம்பியை இரு பக்கமும் வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்திவிட வேண்டும், உள்ளே கொண்டுவரக் கூடாது. கேமரா இப்போது அங்கேயே ஒரு சிறிய அக்சஸ் பாயிண்டோடு பக்கத்திலிருந்து பேசுகிறது. வீட்டு மைக்கை அது தொடுவதே இல்லை.

புதிய தொழில்நுட்பம் தந்தது

இவ்வளவும் சொன்னதால் புதிய ரூட்டர் வீண் என்று யாரும் முடிவுக்கு வரவேண்டாம். சரியான இடத்தில் மாட்டிய பிறகு அது தந்த பலன் கண்கூடு. இந்த வீட்டில் மாலை ஏழு மணிக்கு மேல் நிலைமை வேறு. டிவியில் படம், கல்லூரிப் பையன் லேப்டாப்பில், சின்னவள் டேப்லெட்டில், நான்கு கேமராக்கள், எல்லோர் கையிலும் போன். அந்த நேரத்திலும் மருமகளின் அமெரிக்க மீட்டிங் வெட்டாமல் போகிறது. புதிய போன்களும் லேப்டாப்பும் ஓஎஃப்டிஎம்ஏ புரிந்த கருவிகள் என்பதால் காத்திருப்பு நேரம் குறைந்தது. வேகத்தை விட இந்தக் காத்திருப்புக் குறைவுதான் வைஃபை 6-இலிருந்து தொடங்கிய உண்மையான முன்னேற்றம் என்பது என் கருத்து.

விளம்பரங்களில் வராத இன்னொரு நன்மையும் உண்டு. 2013-இல் வந்த வைஃபை 5, 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மட்டும்தான். அந்த ரூட்டர்களில் 2.4 பக்கம் 2009-இன் பழைய தரத்திலேயே நின்றது. வைஃபை 6 வந்தபோதுதான் 2.4-க்கும் புதுப்பிப்பு கிடைத்தது. கனத்த சுவர் வீடுகளில் 2.4-ஐ நம்பித்தான் வாழ வேண்டும் என்பதால், ஓட்டு வீட்டுப் பகுதியில் வைத்த மூவாயிரம் ரூபாய்ப் பெட்டி நான் எதிர்பார்த்ததை விட நன்றாக வேலை செய்கிறது. மண்சுவர் வீடுள்ளவர்கள் வைஃபை 5 பெட்டியை இனி வாங்கவே வேண்டாம்.

பாதுகாப்பிலும் ஏற்றம் இருக்கிறது. வைஃபையைப் பூட்டி வைக்கும் பழைய டபிள்யூபிஏ2 முறையில் 2017-இல் ஓட்டை வெளிப்பட்டது, 2018-இல் டபிள்யூபிஏ3 வந்தது. கருவி இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தைப் பிடித்துக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து கணினியில் கடவுச்சொல்லை யூகித்துப் பார்க்கும் வழியை அது அடைக்கிறது. கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி வைக்கும் வசதியும் இந்தப் பெட்டிகளில் எளிது. மலிவான கேமராக்களை வீட்டு லேப்டாப்போடு ஒரே நெட்வொர்க்கில் வைப்பதை நான் எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்வதில்லை.

அது கேட்ட விலை

முதல் அடி மின்சாரத்தில் விழுந்தது. வீட்டில் மோடத்துக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வைத்திருந்தார்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் மோடத்துக்கு அது போதும். புதிய ரூட்டரின் அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர். கரன்ட் போனதும் யுபிஎஸ் அதைத் தாங்காமல் அணைந்தது. ஆடிக்காற்றில் நாளுக்கு நாலு தடவை கரன்ட் போகும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ரூட்டர் முழுதாக எழுந்து வர சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் மீட்டிங் முடிந்துவிடும். கடைசியில் வீட்டு இன்வர்ட்டர் லைனில் கொடுத்தோம். இன்வர்ட்டர் இல்லாத வீட்டில் பெரிய யுபிஎஸ் செலவையும் ரூட்டர் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சூடும் அப்படித்தான். பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் 40 டிகிரி தொடும் வீட்டில், மூடிய அலமாரிக்குள் வைத்தால் இந்தப் பெட்டிகள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திறந்த சுவரில் மாட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய கருவிகள் சேர மறுத்தன. தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் போனிலிருந்து போடும் வைஃபை சுவிட்ச் ஒன்று இருந்தது. புது ரூட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, டபிள்யூபிஏ3-ம் போட்டிருந்ததில் அது இணையவே இல்லை. பிரின்டரும் அப்படியே. டபிள்யூபிஏ2-இல், 2.4-இல் மட்டும், தனிப் பெயரோடு ஒரு நெட்வொர்க் திறந்து கொடுத்ததும் இரண்டும் சேர்ந்தன. தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. தெரியாத வீட்டில் இதற்காகவே ரூட்டரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

எனக்கு மிகவும் உறுத்துவது ஆப் விவகாரம். புதிய ரூட்டர்களில் பலவும் முதல் முறை ஓடத் தொடங்கவே மொபைல் ஆப், மின்னஞ்சல், கணக்கு என்று கேட்கின்றன. இந்த வீட்டில் கல்லூரிப் பையனின் நண்பன் தன் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து மாட்டிக் கொடுத்திருந்தான். நல்ல எண்ணத்தில் செய்த உதவி. ஆனால் வீட்டு நெட்வொர்க்கின் சாவி வெளியாள் போனில் இருந்தது. பெட்டியை முழுதாக அழித்துவிட்டு, மருமகளின் பெயரில் திரும்பத் தொடங்கினோம். நிர்வாகக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்கச் சொன்னேன். மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும். புதுப்பிப்பு நின்ற ரூட்டர், வேகமாக ஓடினாலும் பூட்டில்லாத கதவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெரியவருக்குக் கதிர்வீச்சு பற்றிய கவலை இருந்தது, பேத்தி தூங்கும் அறைக்குப் பக்கத்தில் பெட்டி வருகிறதே என்று. வைஃபை அலை அயனியாக்கும் வகையைச் சேர்ந்தது இல்லை, எக்ஸ்ரே போல அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகள் அனைத்தையும் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது, சான்று குறைவாகவே இருப்பதைக் குறிக்கும் பிரிவு அது. தூரம் இரட்டித்தால் வலிமை நான்கில் ஒன்றாகும் என்றும் சொன்னேன். வராந்தாவில் உயரத்தில் மாட்டியது அவருக்கும் திருப்தி.

6 ஜிகாஹெர்ட்ஸ் இல்லாத வைஃபை 7

வைஃபை 7-இன் பேர்போன 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இருக்கிறது. இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாத பயன்பாட்டுக்கு 2005-இல் திறக்கப்பட்டது. 5 ஜிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் 2018-இல் கிடைத்தது. 6-க்கு, 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையான கீழ்ப்பகுதியை வீட்டுக்குள் குறைந்த சக்தியில் பயன்படுத்த விடும் வரைவு விதிகளை 2025 மே மாதம்தான் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டது. இந்த வீட்டார் வாங்கிய பெட்டியில் 6 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. இரண்டு அலைவரிசை வைஃபை 7. பிற்பாடு விதி வந்தாலும் மென்பொருள் புதுப்பிப்பால் அது முளைக்காது. தவிர, அந்த 500 மெகாஹெர்ட்ஸில் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். 6 ஜிகாஹெர்ட்ஸ் அலை, 5-ஐ விடவும் சுவருக்குப் பணிந்துபோகும். ஓட்டு வீட்டுச் சுவர் தாண்டி அது வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அடுக்குமாடியில் இருபது வீட்டு வைஃபை மோதும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது பெரும் வரப்பிரசாதமாக இருக்கும். தோப்புக்கு நடுவே அண்டை வீட்டு அலையே எட்டாத வீட்டுக்கு அதற்காகக் காத்திருக்கக் காரணம் இல்லை.

இதே வீட்டுக்கு இன்று முதலிலிருந்து தொடங்குவதானால் இரண்டு வைஃபை 6 பெட்டிகள், நல்ல செம்புக் கேபிள், கட்டுத்தறிக்கு ஃபைபர் என்றே எழுதிக் கொடுப்பேன். வைஃபை 7 பெட்டியின் விலையில் இதில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மோடமும் ரூட்டராக ஓடுகிறது, அதன் பின்னால் புது ரூட்டரும் ரூட்டராக ஓடுகிறது. இரண்டும் தனித்தனியாக இணைய முகவரியை மாற்றுவதால் வெளியூரில் இருக்கும்போது ஒரு கேமராவின் நேரடி இணைப்பு சில நேரம் கிடைப்பதில்லை. மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரூட்டர் வேலையை விட்டு இணையத்தை மட்டும் கடத்தும் முறைக்கு, மாற்றக் கேபிள்காரரின் பக்கத்திலிருந்துதான் திறந்து விட வேண்டும். அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அது நடக்கும்வரை அந்தக் கேமராவை அதன் சொந்த ஆப் வழியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். துலா மழை தொடங்கும் முன் கட்டுத்தறிப் பக்க மின் இணைப்புக்கு இடித் தடுப்புக் கருவி ஒன்றும் போட வேண்டும். ஃபைபர் வழியாக இடி வராது, கரன்ட் லைன் வழியாக வரும்.